கீறிட்ட இடத்தைத் தமிழால் நிரப்புங்கள்

கேள்வி: வணக்கம் ரீச்சர். முள்ளியவளையில் இருந்து எழுதுகிறேன். கிளிநொச்சியில் விவசாய பீடத்தில் படித்து முடித்துவிட்டு இப்போது வெளிக்கள வேலை செய்கிறேன். மண் விஞ்ஞானத்தில் மேற்படிப்புக்கு அமெரிக்கா போக விருப்பம். அதற்காக ஜி.ஆர்.ஈ என்ற நுழைவுப் பரீட்சைக்குப் படிக்கிறேன். கணிதப் பகுதி பரவாயில்லை. ஆங்கிலப் பகுதியில் கீறிட்ட இடம் நிரப்பும் கேள்விகள்தான் என்னை விழுத்துகின்றன. மூன்று கீறிட்ட இடம் வரும் பந்திக் கேள்விகளைக் கண்டாலே வெறுக்கிறது. 1500 சொற்களை, எதிர்க்கருத்துச் சொற்களோடு சேர்த்துப் பாடமாக்கிவிட்டேன். ஆனாலும் மாதிரிப் பரீட்சையில், 130 முதல் 170 வரையுள்ள அளவில், 143ஐத் தாண்ட முடியவில்லை. நான் ஆறாம் வகுப்பை மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில், கூடாரத்தில் படித்தவள். அந்த வயதில் வரவேண்டிய ஆங்கிலம் எனக்கு வரவில்லை. இன்றைக்கும் வசனத்தை மனதுக்குள் தமிழாக்கித்தான் விளங்கிக்கொள்கிறேன். அதுதான் என் பிழையா? இன்னும் எத்தனை சொல் படிக்க வேண்டும்? நான் பிழைவிட்ட 12 கேள்விகளை இத்துடன் அனுப்புகிறேன்.

பதில்: அன்புள்ள பிள்ளைக்கு, நீங்கள் அனுப்பிய 12 கேள்விகளையும் இரண்டு இரவு இருந்து பார்த்தேன். நீங்கள் நினைப்பதும் அந்தத் தாள் காட்டுவதும் வேறு வேறு. 12 பிழைகளில் ஐந்தில்தான் உங்களுக்குத் தெரியாத சொல் வந்திருக்கிறது. மீதி ஏழிலும் எல்லாச் சொல்லுக்கும் கருத்தைப் பக்கத்திலேயே பென்சிலால் சரியாக எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டுப் பிழையான விடையைத் தெரிவுசெய்திருக்கிறீர்கள். ஆகவே இன்னும் எத்தனை சொல் என்ற கேள்வியைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வைப்போம். உங்களுக்கு இடறுவது வசனம்.

தமிழில் விளங்கிக்கொள்வது பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நான் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பல வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிறேன். இந்தக் கேள்வியைக் கூச்சத்தோடு கேட்காத பிள்ளை குறைவு. கூடாரத்தில் படித்ததைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வருடங்கள் உங்களிடமிருந்து எதை எடுத்தன என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் பரீட்சைக்கு வேண்டிய ஒன்று உங்களிடம் பத்திரமாக இருக்கிறது. ஒரு வசனம் எந்தப் பக்கம் போகிறது என்று தமிழில் உங்களுக்கு உடனே தெரியும். அதை வைத்துத்தான் வேலை செய்யப் போகிறோம்.

இதைப் பாருங்கள். "இரணைமடுவில் தண்ணீர் நிறைந்திருந்தும் கடைசி வாய்க்கால் வயல்கள் ______." விடைகள் எதுவும் தராமலே நிரப்பச் சொன்னால் என்ன எழுதுவீர்கள்? காய்ந்தன, வாடின, கருகின. மூன்றில் எதுவும் சரி. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? "நிறைந்திருந்தும்" என்பதில் உள்ள அந்த "உம்" காட்டிக்கொடுத்தது. ஆங்கிலக் கேள்வியும் இதே வேலையைத்தான் கேட்கிறது. ஆனால் அங்கே அந்த "உம்" வசனத்தின் தலையில் போய் உட்கார்ந்துவிடும். "ஓல்தோ" என்றோ "டெஸ்பைட்" என்றோ முதற்சொல்லாக வரும். அதன் பிறகு இருபது சொல் ஓடும், பிறகுதான் கீறிட்ட இடம் வரும். திருப்பத்தைச் சொல்லும் உறுப்பு வினையோடு ஒட்டி வருவது நமக்குப் பழக்கம். முதலில் வந்த "ஓல்தோ"வை இருபதாவது சொல்லில் மறந்துவிடுகிறோம். உங்கள் ஏழு பிழைகளில் மூன்று இப்படித்தான் நடந்திருக்கின்றன.

ஆகவே ஒரு பழக்கம். கேள்வி வந்ததும் விடைகளைக் கையால் மறையுங்கள். கணினித் திரையிலும் ஒரு கடதாசியை வைத்து மறைக்கலாம். வசனத்தை வாசியுங்கள். கீறிட்ட இடத்தில் உங்களுக்குத் தோன்றும் தமிழ்ச் சொல்லைத் தாளில் எழுதுங்கள். அழகான சொல் தேவையில்லை. "குறைந்தது", "பிடிக்கவில்லை", "சண்டைக்காரர்" என்ற அளவில் போதும். ஒரு சொல்லும் வராவிட்டால் நல்லதா கெட்டதா, கூடுமா குறையுமா என்று ஒரு குறியாவது போடுங்கள். அதன் பிறகுதான் கையை எடுக்க வேண்டும். முதலில் விடைகளைப் பார்த்தால் ஐந்து சொல்லும் ஐந்து பக்கம் இழுக்கும். ஒவ்வொன்றையும் வசனத்துக்குள் வைத்துப் பார்க்க, எல்லாமே ஓரளவு பொருந்துவது போலத் தெரியும். 1500 சொல் படித்தவருக்கு இந்த ஆபத்து கூட. ஏனென்றால் ஐந்தும் தெரிந்த முகமாக இருக்கும்.

முதல் இரண்டு கிழமை இது மெதுவாகத்தான் போகும். போகட்டும். மணிக்கூட்டை அந்த நாட்களில் பார்க்க வேண்டாம்.

துப்பு எப்போதும் கீறிட்ட இடத்துக்கு முன்னால்தான் வரும் என்றும் இல்லை. "அவருடைய பதில் ______; ஒரு மணி நேரம் பேசியும் பணம் எங்கே போனது என்று சொல்லவில்லை." இங்கே அரைப்புள்ளிக்குப் பிறகு வருவது முழுக்க முன்னால் உள்ள இடத்துக்கான விளக்கம். "மழுப்பல்" என்று தமிழில் எழுதிவிட்டால், விடைகளில் "இவேசிவ்" என்ற சொல் தானாகத் தெரியும். ஆங்கில வசனத்தில் அரைப்புள்ளியோ முக்காற்புள்ளியோ கண்டால் நின்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் சொன்னதை மறுபக்கம் வேறு சொல்லால் சொல்கிறது.

அடுத்தது, நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புவது. எல்லாரும் பெரிய சொற்களுக்குப் பயப்படுகிறார்கள். எங்கள் பிள்ளைகளை விழுத்துவது சின்னச் சொற்கள். "வைல்" என்பதற்கு பள்ளிக்கூடத்தில் "அதேவேளையில்" என்று படித்தோம். இந்தப் பரீட்சையில் வசனத்தின் தொடக்கத்தில் அது வந்தால் பெரும்பாலும் "என்றாலும்" என்றுதான் பொருள். "யெட்" என்றால் "இன்னும்" என்று படித்தோம். இரண்டு பெயரடைகளுக்கு நடுவே வந்தால் அது "ஆனால்". "ஃபார் ஃப்ரம்" என்பதில் தூரம் எதுவும் இல்லை, "சற்றும் அப்படியில்லை" என்பதுதான் அது. "எனிதிங் பட்" என்பதும் மறுப்பு. ஆனால் அதே "பட்"டை வைத்துக்கொண்டு வரும் "ஓல் பட்" மறுப்பு அல்ல, "கிட்டத்தட்ட முழுதும்" என்று பொருள். "ஹார்ட்லி" என்றால் "கடுமையாக" என்று எழுதியிருக்கிறீர்கள், உங்கள் எட்டாவது கேள்வியில். அது "அரிதாகவே, இல்லையென்றே சொல்லலாம்" என்பது. அந்த ஒரு சொல் வசனத்தை அப்படியே கவிழ்த்துவிட்டது. "இஃப் நாட்" என்று நடுவில் வந்தால், "கடினம், முடியவே முடியாதது என்றுகூடச் சொல்லலாம்" என்று ஒரு படி மேலே ஏற்றுகிறது.

இப்படிப்பட்ட சொற்கள் முப்பது நாற்பதுக்கு மேல் இராது. 1500 சொல் பாடமாக்கிய பிள்ளைக்கு இது ஒரு கிழமை வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் வசனம் நீங்களே எழுதிப் பழகுங்கள். இரட்டை மறுப்பு வந்தால் கலங்க வேண்டாம். "அவருக்கு அக்கறை இல்லாமல் இல்லை" என்று நாம் நாள்தோறும் பேசுகிறோம்.

இனிச் சொற்களுக்கு வருவோம். எதிர்க்கருத்துச் சொற்களையும் சேர்த்துப் படித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கையில் இருப்பது பழைய புத்தகம் என்று நினைக்கிறேன். எதிர்க்கருத்துக் கேள்விகளும் இரு சொற்களின் உறவை ஒப்பிடும் கேள்விகளும் 2011 ஓகஸ்டிலேயே இந்தப் பரீட்சையில் இருந்து எடுக்கப்பட்டுவிட்டன. கிழக்கே பார்த்த படலையில் நின்று மேற்கே வருகிறவருக்குக் காத்திருந்தது போல உங்கள் உழைப்பில் ஒரு பகுதி போய்விட்டது. அது உங்கள் பிழை இல்லை, புத்தகத்தின் பிழை. சொல்லுக்கு நேரே ஒரு தமிழ்ச் சொல், அதற்கு நேரே ஒரு எதிர்ச்சொல் என்று படிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஏன் என்றால், ஆங்கில–தமிழ் அகராதியில் "ஃப்ரூகல்" பார்த்தால் சிக்கனம். "த்ரிஃப்டி" பார்த்தால் சிக்கனம். "பார்சிமோனியஸ்" பார்த்தாலும் சில அகராதிகளில் சிக்கனம் என்றே இருக்கும். ஆனால் உங்கள் அம்மாவைச் சிக்கனக்காரி என்று சொன்னால் அவர் சிரிப்பார், கஞ்சப்பிசினாறி என்று சொன்னால் என்ன நடக்கும்? முதல் இரண்டும் பாராட்டு, மூன்றாவது குறை. இதைச் சொல்லின் நிறம் என்று என் வகுப்பில் சொல்வேன். சோடிச் சொல்லைத் தெரிவுசெய்யும் கேள்விகளில் இந்த நிறம்தான் முடிவு செய்கிறது.

அந்தக் கேள்வியில் ஆறு சொல் தருவார்கள். ஒரே கீறிட்ட இடம். இரண்டு சொல்லைத் தெரிவுசெய்ய வேண்டும், இரண்டும் வசனத்துக்கு ஒரே பொருளைத் தர வேண்டும். "வீட்டுச் செலவில் அவர் ______, ஆனால் வற்றாப்பளைப் பொங்கல் என்றால் அள்ளிக் கொடுப்பார்" என்று ஒரு வசனம் வைத்துக்கொள்வோம். விடைகளில் "ஃப்ரூகல்", "த்ரிஃப்டி", "லேவிஷ்", "எக்ஸ்ட்ராவகன்ட்", "ஜோவியல்", "பங்சுவல்". இதில் "லேவிஷ்", "எக்ஸ்ட்ராவகன்ட்" இரண்டும் ஊதாரித்தனத்தைச் சொல்லும் நல்ல சோடி. பாடமாக்கிய கண் முதலில் அதைத்தான் பிடிக்கும். வசனமோ எதிர்ப்பக்கம் போகிறது. ஒத்தகருத்துச் சோடியைத் தேடி, பிறகு வசனத்துக்குப் போகாதீர்கள். வசனத்தில் இருந்து புறப்பட்டுச் சோடிக்கு வாருங்கள். உங்கள் மீதி நான்கு பிழைகளில் இரண்டு இந்தப் பொறியில் விழுந்தவை.

இன்னொரு பொறி, தெரிந்த சொல்லின் தெரியாத பொருள். "குவாலிஃபை" என்றால் தகுதி பெறுதல் மட்டும் அல்ல. ஒரு கூற்றை "இந்த அளவுக்குத்தான்" என்று மட்டுப்படுத்துவதும் அதுவே. "டெம்பர்" கோபம் மட்டும் அல்ல, வினையாக வந்தால் தணித்தல். "செக்" தடுத்து நிறுத்துதல். "ஃப்ளாக்" கொடி மட்டும் அல்ல, சோர்ந்து தளர்தல். "சாங்ஷன்" அனுமதிக்கும் வரும், தண்டனைத் தடைக்கும் வரும். "ஆறு பெருகியது" என்பதையும் "ஆறு மணி" என்பதையும் நாம் குழப்புவதில்லை, பக்கத்துச் சொல் சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்திலும் பக்கத்துச் சொல்லிடம் கேளுங்கள். எளிய சொல் ஒன்று பொருந்தாமல் நின்றால் உடனே வெட்டிவிடாமல் அகராதியில் அதன் மூன்றாவது, நான்காவது பொருளைப் பார்த்து எழுதி வையுங்கள்.

வேர்ச்சொல் படிப்பது உதவும். "லொக்" என்றால் பேச்சு என்று தெரிந்தால் "எலொக்வென்ட்", "லொக்வேஷஸ்", "கொலோக்வியல்" மூன்றும் ஒரே குடும்பம் என்று பிடிபடும். "க்ரெட்" நம்பிக்கை, "பெனெ" நன்மை, "மல்" தீமை. ஆனால் ஒலியை மட்டும் நம்பி ஊகிக்கக் கூடாது. "எனர்வேட்" என்பதில் எனர்ஜி கேட்கிறது, பொருளோ வலுவிழக்கச் செய்தல். "ரெஸ்டிவ்" ஓய்வு போல ஒலிக்கும், பொருள் அடங்காமல் துடித்தல். "நொய்சம்" சத்தம் அல்ல, துர்நாற்றம். "மெரிட்ரீஷஸ்" என்பதில் மெரிட் எதுவும் இல்லை, வெறும் பகட்டு. "டிஸ்இன்டரெஸ்டட்" அக்கறை இல்லாதவர் என்பதைவிட, பக்கம் சாராதவர் என்ற பொருளில்தான் பரீட்சையில் அதிகம் வரும். தமிழில் "நாற்றம்" ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது என்று படித்திருப்பீர்கள். சொல்லை அது வாழும் வசனத்தில் பார்க்காமல் நம்ப முடியாது.

ஆகவே புதிய கொப்பி ஒன்று எடுங்கள். ஒரு நாளைக்கு எட்டுச் சொல், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு சொல்லுக்கும், அதை நீங்கள் சந்தித்த வசனத்தை முழுதாக எழுதுங்கள். கீழே தமிழில் அதன் பொருளும் நிறமும். பிறகு அந்தச் சொல்லை வைத்து முள்ளியவளையில் உள்ள ஒரு ஆளைப் பற்றியோ உங்கள் வேலையைப் பற்றியோ ஒரு சொந்த வசனம். அடுத்த நாள் ஒரு தரம், மூன்றாம் நாள் ஒரு தரம், ஒரு கிழமை கழித்து ஒரு தரம் பொருளை மறைத்துப் பாருங்கள். பழைய 1500ஐ எறிய வேண்டாம், அதில் இருந்தே எட்டெட்டாக எடுக்கலாம்.

மூன்று கீறிட்ட இடம் வரும் பந்திக் கேள்விகளைக் கண்டால் வெறுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அவற்றில் துப்பு அதிகம். இப்படி ஒன்று: "புதிய நெல்லினத்தைப் பற்றி முதலில் எல்லாரும் ______ ஆக இருந்தார்கள். இரண்டு போகம் விளைச்சல் குறைந்தபின் அந்த உற்சாகம் ______. இப்போது அதைப் பரிந்துரைப்பவர்களே ______." முதல் இடத்துக்கு முதல் வசனத்தில் ஒரு துப்பும் இல்லை. இரண்டாவது வசனத்தில் "அந்த உற்சாகம்" என்று வந்ததும் முதலாவது திறந்துவிடுகிறது. நல்லது நடக்கும் என்று நம்புவதைச் சொல்லும் "சாங்வின்" என்ற சொல் விடையில் இருந்தால் அதுதான். இரண்டாவது "தணிந்தது", மூன்றாவது "அரிது". முதலாவதில் இருந்தே தொடங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. எது நிச்சயமோ அதில் கால் வையுங்கள்.

ஆனால் ஒன்று. இரண்டு, மூன்று இடங்கள் உள்ள கேள்வியில் எல்லா இடமும் சரியாக இருந்தால்தான் புள்ளி. பாதிப் புள்ளி கிடையாது. மூன்று இடத்துக்கும் மூன்று மூன்று விடை என்றால் 27 சேர்க்கை. குருட்டாம்போக்கில் போட்டால் 27இல் ஒன்று. ஒரே இடம் உள்ள கேள்வியில் ஐந்தில் ஒன்று. சோடிக் கேள்வியில் 15இல் ஒன்று. நேரம் முடியும் தறுவாயில் எதற்கு மினக்கெடலாம், எதை ஊகித்துவிட்டுப் போகலாம் என்று இதை வைத்து முடிவு செய்யுங்கள். பிழைக்குப் புள்ளி குறைப்பதில்லை, ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடக் கூடாது.

நேரத்தைச் சொல்லவில்லை. 2023 செப்டெம்பரில் பரீட்சையைச் சுருக்கினார்கள். இப்போது ஆங்கிலத்தில் இரண்டு பகுதிகள். முதலாவது 18 நிமிடத்தில் 12 கேள்வி, இரண்டாவது 23 நிமிடத்தில் 15 கேள்வி. முதலாவதை எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாவதின் கடினம் மாறும். மொத்தக் கேள்விகளில் ஏறக்குறைய பாதி இந்தக் கீறிட்ட இடக் கேள்விகள், மீதி வாசிப்புப் பந்திகள். பந்திகள் நேரத்தைத் தின்னும். அதனால் ஒரு இடம் உள்ள கேள்வியை ஒரு நிமிடத்துக்குள் முடிக்கும் அளவுக்குக் கை வரவேண்டும். ஒரே பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம், குறிவைத்துவிட்டுத் திரும்பி வரலாம். மணிக்கூடு பிடித்துப் பழகுவதை மூன்றாவது மாதத்தில் தொடங்குங்கள்.

பரீட்சையை நடத்தும் இ.ரி.எஸ் நிறுவனம் "பவர்பிரெப்" என்ற பெயரில் இரண்டு மாதிரிப் பரீட்சைகளை இலவசமாகத் தருகிறது. உண்மையான பரீட்சைக்கு மிகக் கிட்டியது அதுதான். ஒன்றை இன்னும் செய்யவில்லை என்றால் செய்யாமலே வையுங்கள். பரீட்சைக்கு இரண்டு கிழமை முன்னால், கணினியில், ஒரே இருப்பில் செய்யுங்கள். கைத்தொலைபேசியில் செய்யும் பயிற்சி பஸ்ஸில் போகும் நேரத்துக்கு நல்லது, அதையே முழுப் பயிற்சி என்று எண்ண வேண்டாம்.

ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் பிழைகளைக் கொப்பியில் நான்கு வகையாகப் பிரியுங்கள். சொல் தெரியாதது, சொல்லின் வேறு பொருள் தெரியாதது, திருப்பச் சொல்லைத் தவறவிட்டது, சோடிப் பொறி. ஒரு மாதத்தில் எந்த வகை கூட என்று தெரியும். அந்தப் பக்கம் உழைப்பைத் திருப்புங்கள். இதைச் செய்யாமல் ஆயிரம் கேள்வி செய்தாலும் அதே பிழையைத்தான் ஆயிரம் தரம் பழகுகிறோம். நீங்கள் அந்த 12ஐயும் பிரித்து அனுப்பியிருந்தால் என் பதில் பாதி நீளம்தான் இருந்திருக்கும்!

வாசிப்பும் வேண்டும். பாடத்துறைக் கட்டுரைகள் மட்டும் போதாது, ஏனென்றால் மண் விஞ்ஞான ஆங்கிலத்தில் "ஆனாலும்", "என்று சொல்லிவிட முடியாது" என்ற வளைவுகள் குறைவு. வரலாறு, கலை, சமூகம் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றை நாளுக்கு இருபது நிமிடம் வாசியுங்கள். இணையம் உள்ள இடத்தில் சேமித்து வைத்தால் வீட்டில் கரண்ட் இல்லாத நேரத்திலும் வாசிக்கலாம்.

கடைசியாக, கட்டணம் கட்ட முன்னர் ஒன்று செய்யுங்கள். 2020க்குப் பிறகு அமெரிக்காவில் பல துறைகள் ஜி.ஆர்.ஈ கேட்பதையே விட்டுவிட்டன. சில துறைகள் விரும்பினால் அனுப்பலாம் என்கின்றன. நீங்கள் விண்ணப்பிக்கப் போகும் ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் இந்த வருட நிபந்தனையைப் பாருங்கள். எடுத்த புள்ளி ஐந்து வருடத்துக்குச் செல்லும், ஆகவே அவசரப்பட்டு நாள் குறிக்க வேண்டியதில்லை. 130இல் தொடங்கி 170இல் முடியும் அளவுகோலில் 150 நடு. அந்த ஏழு பிழையைப் போன்றவை திருந்தினாலே 143இல் இருந்து நீங்கள் நடுவை நோக்கி நகரலாம் என்பது என் கணிப்பு.

வீட்டில் காலபோக அறுவடை தொடங்கும் நாட்களில் புதுச் சொல் எடுக்க வேண்டாம், பழைய கொப்பியைப் புரட்டினால் போதும். ஒரு மாதம் கழித்து, விடைகளைப் பார்க்க முன்னர் நீங்கள் எழுதிய தமிழ்ச் சொற்களோடு இருபது கேள்விகளை எனக்கு அனுப்புங்கள். ஆங்கில விடை சரியா பிழையா என்பதைவிட, அந்தத் தமிழ்ச் சொற்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.